ஃபேன் எங்கே பாஸ்?

மூணு தடவை மத்தவங்க வண்டியில் ஏறின மேக் கம்ப்யூட்டர், நாலாவதா சொந்த வண்டி கட்டின கதை!

ஹாஸ்டலில் ராத்திரி பதினோரு மணிக்கு மேல் ஒரு சத்தம் கேட்கும், கவனிச்சிருக்கீங்களா? 'ஙொய்ய்ய்ங்...'னு. கொசு இல்லைங்க, லேப்டாப் ஃபேன்! பக்கத்து ரூம் மெக்கானிக்கல் பையன் டிசைன் ப்ராஜெக்ட்டை ரெண்டர் பண்ணிட்டிருப்பான். மடியில் வெச்சா தோசை வார்க்கலாம், அவ்வளவு சூடு. சார்ஜர் இல்லாம கிளாஸுக்கு எடுத்துட்டுப் போனா மூணாவது பீரியட் தாண்டாது.

இதெல்லாம் லேப்டாப்னா சகஜம்னு பழகிப்போன உலகத்தில், 2020 நவம்பர் 10-ம் தேதி ஆப்பிள் ஒரு மேக்புக் ஏரை அறிமுகப்படுத்தியது. உள்ளே ஃபேனைத் தேடினா... ம்ஹூம், கிடையவே கிடையாது! அதே வருஷம் மார்ச்சில் வந்த மேக்புக் ஏர், சார்ஜ் போடாமல் 12 மணி நேரம் படம் ஓட்டும்னு ஆப்பிள் சொல்லியிருந்தது. எட்டு மாசம் கழிச்சு வந்த இதுக்கு 18 மணி நேரம். வெளியே அதே அலுமினிய உடம்பு, அதே 49.9 வாட்-அவர் பேட்டரி, அமெரிக்காவில் அதே 999 டாலர் விலை. மாறினது உள்ளே இருந்த சிப். இன்டெல் போய், ஆப்பிள் தானே வடிவமைச்ச 'எம்1' வந்து உட்கார்ந்திருந்தது.

கம்ப்யூட்டர் விக்கிற கம்பெனிக்கு எதுக்குங்க சிப் வடிவமைக்கிற வேலை? ஹோட்டல்காரர் அரிசி வாங்குவார், நெல் விதைக்கவா போவார்? 'எல்லாம் வேகத்துக்காகத்தான்'னு பொதுவா ஒரு பதில் சொல்வாங்க. அது பாதி சரி. மீதிப் பாதி, அடுத்தவங்க காலண்டரைப் பார்த்துக் காத்திருந்து காத்திருந்து நொந்துபோன கதை.

3 கிகாஹெர்ட்ஸ் சத்தியம்

1984-ல் முதல் மேக் வந்தப்போ அதுக்குள்ள இருந்தது மோட்டோரோலாவின் 68000 சிப். பத்து வருஷம் ஓடியது. 1994-ல் 'பவர்பிசி'க்கு மாறினாங்க. இது ஆப்பிள், ஐ.பி.எம்., மோட்டோரோலா மூணு பேரும் கூட்டு சேர்ந்து பண்ணின ஐட்டம். கூட்டுக் குடும்பம்னா தெரியும்ல... ஆரம்பத்தில் அமர்க்களம், அப்புறம் ஆளுக்கு ஒரு வேலை. ஐ.பி.எம்முக்கு சர்வர்தான் முக்கியம், மோட்டோரோலாவுக்கு வேற மார்க்கெட். உலகம் முழுக்க விக்கிற கம்ப்யூட்டர்களில் சின்னப் பங்குதான் மேக். அதுக்காக யார் மெனக்கெடுவாங்க?

2003-ல் நடந்த டெவலப்பர் மாநாட்டில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையேறி, ஐ.பி.எம்மின் ஜி5 சிப் போட்ட பவர் மேக்கை அறிமுகப்படுத்தினார். அப்போ அதன் உச்ச வேகம் 2 கிகாஹெர்ட்ஸ். 'இன்னும் 12 மாசத்தில் 3 கிகாஹெர்ட்ஸ்'னு சத்தியம் பண்ணாத குறையா சொல்லிட்டு இறங்கினார். 2004 வந்தது. 2.5-தான் கிடைச்சது. அதுக்கே சூடு தாங்காம, கார் ரேடியேட்டர் மாதிரி திரவம் ஓட விட்டு சிப்பைக் குளிர வெச்சாங்க. இதை எங்கேருந்து லேப்டாப்பில் போடறது? ஜி5 லேப்டாப் கடைசி வரைக்கும் வரவே இல்லை. வாக்குக் கொடுத்தவர் ஜாப்ஸ், சிப் கொடுக்க வேண்டியவங்க வேற ஒருத்தர். மேடையில் அசடு வழிய வேண்டியது யாரு?

2005 ஜூன். அதே மாநாடு. ஜாப்ஸ் ஒரு மேக்கை வெச்சு ஜாலியா டெமோ காட்டிட்டிருந்தார். திடீர்னு 'இந்த மேக்கைப் பற்றி'ங்கற விண்டோவைத் திறந்தார். பார்த்தா, பென்டியம் 4! அதுவரைக்கும் எல்லாமே இன்டெல் சிப்பில்தான் ஓடிட்டு இருந்திருக்கு. அஞ்சு வருஷமா ரகசியமா மேக் ஓ.எஸ்ஸின் ஒவ்வொரு வெர்ஷனையும் இன்டெல்லுக்கும் சேர்த்தே தயார் பண்ணி வெச்சிருந்தாங்களாம். காரணமா அவர் காட்டினது ஒரே ஒரு கணக்கு. ஒரு வாட் மின்சாரத்துக்கு பவர்பிசி பாதையில் 15 யூனிட் வேலை நடக்கும், இன்டெல் பாதையில் 70. வாட்டுக்கு எவ்வளவு வேலை? இந்தக் கேள்வியைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கங்க, பதினஞ்சு வருஷம் கழிச்சு இதே கேள்விதான் இன்டெல்லை வெளியே அனுப்பப் போகுது.

2006 ஜனவரியில், சிப் ஃபேக்டரி ஆட்கள் போடுற முழு நீள வெள்ளை கவச உடையோட இன்டெல் தலைவர் பால் ஓட்டெலினி ஆப்பிள் மேடைக்கு வந்தார். கையில் ஒரு சிலிக்கான் தட்டு. கல்யாணம் அமோகமா நடந்தது!

இன்டெல்லுக்கு விழுந்த அரியர்

தேனிலவு நல்லாத்தான் போச்சு. முதல் மேக்புக் ஏரே 2008-ல் இன்டெல் சிப் இருந்ததால்தான் அவ்வளவு ஒல்லியா வந்தது. பிரச்னை அப்புறம் ஆரம்பிச்சது. சிப் உலகத்தில் 14 நானோமீட்டர், 10 நானோமீட்டர்னு ஒரு கணக்கு உண்டு. எண் குறையக் குறைய அதே இடத்தில் அதிக டிரான்சிஸ்டர், குறைஞ்ச மின்சாரம்னு தோராயமா வெச்சுக்கலாம். 2014-ல் 14-ஐ பாஸ் பண்ணின இன்டெல், 2016 வாக்கில் 10-ஐ முடிக்கிறதா இருந்தது. முடிக்கலை. 2017... 2018... அடுத்த செமஸ்டரில் க்ளியர் பண்ணிடறேன்னு நம்ம பசங்க சொல்ற மாதிரியே தேதி தள்ளிட்டே போச்சு. லேப்டாப் சிப்கள் பெரிய அளவில் கடைக்கு வரும்போது 2019. பரீட்சை எழுதினது இன்டெல். காத்திருந்து ஃபைன் கட்டினது, அந்த சிப்பை நம்பி ஒல்லியா லேப்டாப் டிசைன் பண்ணி வெச்சிருந்த கம்பெனிகள். மறுபடியும் அடுத்தவங்க காலண்டர்!

இதில் ஒரு வயித்தெரிச்சல் உண்டு. முதல் ஐபோனுக்கு சிப் செய்து தரச் சொல்லி ஆப்பிள் இன்டெல்லைத்தான் கேட்டது. கேட்ட விலை, தங்களோட செலவுக் கணக்குக்குக் கட்டுப்படியாகாதுன்னு இன்டெல் விட்டுடுச்சு. 2013-ல் பதவி விலகும்போது ஓட்டெலினியே ஒரு பேட்டியில் சொன்னார்: செலவுக் கணக்கும் தப்பாப் போச்சு, எத்தனை விக்கும்ங்கற கணக்கும் நூறு மடங்கு தப்பாப் போச்சு, மனசு 'சரின்னு சொல்லு'ன்னு சொன்னதைக் கேட்டிருக்கணும்னு. 2007 ஐபோனில் போனது சாம்சங் செய்த, 'ஆர்ம்' வகை சிப்.

பன்னிரண்டு வருஷ ரிகர்சல்

ஆர்ம்னா? குட்டி ஃப்ளாஷ்பேக். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஏகார்ன்னு ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி. அதில் சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர்னு ரெண்டு இன்ஜினீயர்கள். பெரிய டீம் இல்லை, பணமும் இல்லை. அதனாலேயே ரொம்ப எளிமையா ஒரு ப்ராசஸரை டிசைன் பண்ணினாங்க. வெறும் 25,000 டிரான்சிஸ்டர். 1985 ஏப்ரலில் முதல் சிப் வந்தது, போர்டில் செருகினாங்க, ஓடியது. எவ்வளவு மின்சாரம் குடிக்குதுன்னு மீட்டர் வெச்சுப் பார்த்தா பூஜ்யம்! என்னடான்னு தேடினா, சிப்புக்கு பவர் கனெக்‌ஷனே கொடுக்கப்படலை. சுத்தி இருந்த சர்க்யூட்டில் இருந்து கசிஞ்ச கரன்டிலேயே ஓடிட்டு இருந்திருக்கு. சாப்பாடு போட மறந்தாலும் வாசனையிலேயே வயிறு ரொம்பிடற ஆள்! மொபைல் உலகம் பின்னாடி இதைத் தூக்கி வெச்சுக் கொண்டாடினதுக்கு வேற காரணம் வேணுமா என்ன?

1990-ல் ஆர்ம் தனிக் கம்பெனியானப்போ அதில் பங்கு போட்டவங்களில் ஆப்பிளும் ஒண்ணு. அப்புறம் கைச்செலவுக்கு அந்தப் பங்குகளை வித்துட்டாங்க, அது வேற சோகம்.

இப்போ 2008. ஆப்பிள் 27.8 கோடி டாலர் கொடுத்து 'பி.ஏ. செமி'ங்கற சின்னக் கம்பெனியை வாங்கியது. குறைஞ்ச மின்சாரத்தில் ஓடுற சிப் டிசைன் பண்றதில் அவங்க கில்லாடிகள். அதே வருஷம், இன்டெல்லிலும் ஐ.பி.எம்மிலும் வேலை பார்த்த ஜானி ஸ்ரூஜி ஆப்பிளில் சேர்ந்தார். முதல் அசைன்மென்ட் 'ஏ4'. 2010 ஐபேடில் வந்த இதில் ப்ராசஸர் கோர் ஆர்முடைய டிசைன்தான். 2012-ல் 'ஏ6', கோரையும் ஆப்பிளே வடிவமைச்சது. 2013-ல் 'ஏ7', ஸ்மார்ட்போன் உலகின் முதல் 64 பிட் சிப். போட்டியாளர்கள் எல்லாம் 'போனுக்கு எதுக்கு 64 பிட்'னு சிரிச்சுட்டு, அவசர அவசரமா தாங்களும் டிசைன் பண்ண ஓடினாங்க.

கவனிங்க. இவ்வளவும் நடக்கறப்போ மேக்கில் இன்டெல்தான். வருஷத்துக்கு ஒரு சிப், கோடிக்கணக்கான போன்கள், அத்தனையும் ரிகர்சல். போன் விக்கிற காசிலேயே டீமும் வளர்ந்தது. ஒரே நைட்டில் படிச்சு யுனிவர்சிட்டி ரேங்க் வாங்கினதா வெளியே தெரியும். உள்ளே பன்னிரண்டு வருஷம் டெய்லி க்ளாஸ் அட்டெண்ட் பண்ணின பையன்!

2020 ஜூன் 22. கொரோனா காலம், ஆளில்லாத அரங்கில் எடுத்த வீடியோ. க்ரெய்க் ஃபெடரிகி புது மேக் ஓ.எஸ்ஸைக் காட்டிட்டே வந்து, ஜாப்ஸ் பண்ணின அதே வித்தையைப் பண்ணினார். காட்டினது அத்தனையும் ஓடிட்டு இருந்தது ஐபேடின் ஏ12இஸட் சிப்பில்!

சிலபஸில் இருக்கு பாஸ்!

கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர் பேப்பரை 'பாஸ் மார்க் போதும்'னு படிச்சவங்களுக்கும் இந்த ஏரியா பிடிக்கும். எம்1-க்குள்ள 1,600 கோடி டிரான்சிஸ்டர், 5 நானோமீட்டர், எட்டு கோர். கனமான வேலைக்கு நாலு, மெயில் பார்க்கறது மாதிரியான சில்லறை வேலைக்கு சிக்கனமான நாலு. இதெல்லாம் விளம்பரத்திலேயே வரும். அதுக்குப் பின்னாடி உள்ளதுதான் செம.

ஒண்ணு, டீகோட். இன்டெல் பேசற எக்ஸ்86 மொழியில் ஒரு கட்டளை 1 பைட்டாவும் இருக்கலாம், 15 பைட்டாவும் இருக்கலாம். எம்1 பேசற 64 பிட் ஆர்மில் எல்லாமே கரெக்டா 4 பைட். கல்யாணப் பந்தியை நினைச்சுக்கங்க. இலையெல்லாம் சரிசமமா போட்டிருந்தா எட்டுப் பேர் ஒரே நேரத்தில் சாம்பார் வாளியோட இறங்கிடலாம், யார் எந்த இலைன்னு முன்கூட்டியே தெரியும். ஒரு இலை சின்னது, ஒரு இலை பெருசுன்னா, முதல் இலை எங்கே முடியுதுன்னு தெரிஞ்சாத்தான் அடுத்தது எங்கே ஆரம்பிக்குதுன்னு தெரியும். எம்1-ன் பெரிய கோர் ஒரே க்ளாக்கில் எட்டுக் கட்டளைகளைப் பிரிச்சது. அப்போ இன்டெல்லில் நாலைந்துதான். முடியவே முடியாதுன்னு இல்லை. இன்டெல்லும் பிற்பாடு எட்டுக்கு வந்துடுச்சு, கூடுதலா கஷ்டப்பட்டு.

ரெண்டு, மெமரி. வழக்கமான கம்ப்யூட்டரில் தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தா அதுக்குத் தனி மெமரி. ப்ராசஸர் வெச்சிருக்கிற நோட்ஸை கிராஃபிக்ஸுக்கு ஒரு காப்பி ஜெராக்ஸ் போட்டுத் தரணும். எம்1-ல் ரெண்டு பேரும் ஒரே நோட்டைப் பார்த்துப் படிக்கிறாங்க. ஜெராக்ஸ் கடைக்குப் போற நேரமும் மிச்சம், காசும் மிச்சம்.

மூணாவது என் ஃபேவரைட். பழைய இன்டெல் சாஃப்ட்வேர்களைப் புது மேக்கில் ஓட்ட 'ரொசெட்டா 2'ன்னு ஒரு மொழிபெயர்ப்பாளரை வெச்சாங்க. அதில் ஒரு சிக்கல். 'கிளம்பிட்டேன்', 'வந்துட்டேன்'னு நீங்க வரிசையா ரெண்டு எஸ்.எம்.எஸ். அனுப்பறீங்க. இன்டெல் உலகத்தில் அதே வரிசையில்தான் போய்ச் சேரும்னு உத்தரவாதம் உண்டு. ஆர்ம் உலகத்தில் சில சமயம் 'வந்துட்டேன்' முதல்ல போகலாம். வரிசையை நம்பி எழுதின பழைய ப்ரோகிராம் குழம்பிடும். சாஃப்ட்வேரிலேயே ஒவ்வொரு தடவையும் வரிசையைச் சரிபார்த்தா ஆமை வேகம்தான். ஆப்பிள் என்ன பண்ணிச்சு? சிப்புக்குள்ளேயே ஒரு ஸ்விட்ச் வெச்சிடுச்சு! ரொசெட்டா ப்ரோகிராம் ஓடும்போது மட்டும் இன்டெல் மாதிரி வரிசை காக்கும், மத்த நேரம் ஆர்ம் மாதிரி. கடையில் சிப் வாங்கற கம்பெனி இப்படி ஒரு ஸ்விட்ச் கேட்டா, 'உங்க ஒருத்தருக்காகவா சார்?'னு சிரிப்பாங்க. சாஃப்ட்வேர் எழுதறவரும் சிப் வரையறவரும் ஒரே கேன்டீனில் டீ குடிச்சா நடக்கும்.

ஸ்க்ரூ டிரைவருக்கு வேலை இல்லை

சரி, ரொம்பப் புகழ்ந்தாச்சு. இந்தக் கல்யாணத்துக்கு மொய் எழுதினது யாருன்னும் பார்க்கணுமே!

ஒரே மெமரின்னு சொன்னேன்ல, அது சிப்போட சேர்ந்தே ஒட்டப்பட்டிருக்கு. வாங்கறப்போ 8 ஜிபின்னா ஆயுசுக்கும் 8 ஜிபிதான். ஃபைனல் இயரில் ப்ராஜெக்ட் பெருசாயிடுச்சேன்னு ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் ரேம் போட்டுக்கற நம்ம வழக்கம் இங்கே செல்லாது. பல லேப்டாப்களில் முன்னாடியே ஆரம்பிச்ச வியாதிதான் இது. ஆனா இதில் டெஸ்க்டாப்பும் மாட்டிக்கிச்சு. முதல்லயே 16 ஜிபி வேணும்னா கூடுதலா 200 டாலர் கேட்டாங்க. மேக்குகளில் ஆரம்ப அளவே 16 ஜிபின்னு மாறினது 2024 அக்டோபரில்தான். 2019-ல் வந்த இன்டெல் மேக் ப்ரோவில் 1.5 டெராபைட் வரை ரேம் போடலாம். 2023-ல் சொந்த சிப்போட வந்த மேக் ப்ரோவில் உச்சமே 192 ஜிபி. ஸ்லாட் உண்டு, கிராஃபிக்ஸ் கார்டு போட்டா வேலை செய்யாது. அப்புறம் எதுக்கு அத்தனை பெரிய டப்பான்னு நான் கேட்கலை, வாங்கினவங்க கேட்டாங்க. இன்டெல் மேக்கில் விண்டோஸை இன்னொரு ரூம்ல குடிவெச்ச 'பூட் கேம்ப்' வசதியும் காலி. சர்க்யூட் சாஃப்ட்வேர் பாதிக்கு விண்டோஸ் கேட்கிற நம்ம டிபார்ட்மென்ட்காரங்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

லினக்ஸ்? ஆப்பிள் பூட்டைத் திறந்து வெச்சது, ஆனா உள்ளே என்ன இருக்குன்னு மேப் தரலை. ஹெக்டர் மார்ட்டின் ஆரம்பிச்ச 'அசாஹி லினக்ஸ்' டீம் அதைத் தட்டுத் தடவியே கண்டுபிடிச்சது. அசாஹிங்கறது மெக்கின்டாஷ் ஆப்பிள் பழத்துக்கு ஜப்பானில் உள்ள பேராம், குசும்பைப் பாருங்க! இதில் கிராஃபிக்ஸ் பாகத்தைக் குடைஞ்சு டிரைவர் எழுதினவங்களில் முக்கியமானவர் அலிஸா ரோசன்ஸ்வைக். ஆரம்பிக்கிறப்போ அவர் ஒரு கல்லூரி மாணவி. நம்மளை மாதிரி இன்டர்னல் எக்ஸாம் எல்லாம் எழுதிக்கிட்டேதான்!

'சொந்த' சிப்னு நானும் எழுதிட்டே வர்றேன். எவ்வளவு சொந்தம்? மொழி ஆர்முடையது, அதுக்கு லைசென்ஸ். சிப்பை அச்சடிச்சுத் தர்றது தைவானின் டி.எஸ்.எம்.சி. வடிவமைப்பு மட்டும்தான் ஆப்பிளுடையது. ஒரு காலண்டரில் இருந்து தப்பிச்சு இன்னொரு காலண்டரில் மாட்டியிருக்காங்கன்னும் சொல்லலாம். ஆனா இந்தத் தடவை எந்த வருஷம் எந்த சிப், அதில் என்ன ஸ்விட்ச்னு முடிவு பண்றது அவங்க. டிசைன் பண்ணத் தெரிஞ்ச ஆள்தான் இங்கே சொத்து, அந்தச் சொத்துக்கு காலும் உண்டு. 2019-ல் ஜெரார்ட் வில்லியம்ஸ் உள்பட ஆப்பிள் சிப் டிசைனர்கள் மூணு பேர் வெளியே வந்து 'நுவியா'ன்னு கம்பெனி ஆரம்பிக்க, 2021-ல் க்வால்காம் அதை 140 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த டிசைன்தான் 2024-ல் விண்டோஸ் லேப்டாப்களில் 'ஸ்னாப்டிராகன் எக்ஸ்' ஆக இறங்கியது. அமேசான், கூகுள், மைக்ரோசாஃப்ட்னு அவங்கவங்களும் சொந்த சிப் வரைய ஆள் வெச்சிருக்காங்க. லைசென்ஸே வேண்டாம்னா 'ரிஸ்க் ஃபைவ்' இருக்கு. அதை வெச்சு சென்னை ஐ.ஐ.டி-யில் உருவானதுதான் 'சக்தி' ப்ராசஸர். 2018-ல் லினக்ஸ் ஓட்டிக் காட்டின சக்தி சிப்பை அச்சடிச்சுத் தந்தது யார் தெரியுமா? அமெரிக்காவில் இருக்கிற இன்டெல் ஃபேக்டரி!

இதையெல்லாம் படிச்சுட்டு, காசு சேர்த்து செகண்ட் ஹேண்ட் மேக் வாங்கலாம்னு கிளம்பறவங்களுக்கு ஒரு விஷயம். 2025-ல் வந்த 'டஹோ'தான் இன்டெல் மேக்குகளுக்குக் கடைசி மேக் ஓ.எஸ்.னு ஆப்பிள் அறிவிச்சாச்சு. அதுவும் நாலே நாலு இன்டெல் மாடலுக்குத்தான். ரொசெட்டாவையும் அடுத்தடுத்து மூட்டை கட்டப் போறாங்க. '2020 மேக்புக் ஏர், அடிமாட்டு விலை'ன்னு யாராவது சொன்னா உடனே அட்வான்ஸ் கொடுத்துடாதீங்க. மார்ச் ஏரும் நவம்பர் ஏரும் பார்க்க ரெட்டைப் பிள்ளைகள் மாதிரியே இருக்கும். மார்ச் ஏருக்கு டஹோ கிடையாது, நவம்பர் ஏருக்கு உண்டு. இடது மூலையில் ஆப்பிள் லோகோவை க்ளிக் பண்ணி 'இந்த மேக்கைப் பற்றி'யைத் திறங்க. 'ப்ராசஸர்'னு போட்டு இன்டெல் பேர் வந்தா மார்ச், 'சிப்'னு போட்டு எம்1 வந்தா நவம்பர். அப்படியே பக்கத்தில் மெமரி எத்தனை ஜிபின்னும் பார்த்துடுங்க, அதை அப்புறம் மாத்த முடியாது.